பசு வேண்டாம் என்ற கீரை

1. செவ்வாய்க்கிழமை ரோஸ்

நோயில்லாத எலியின் ரத்தம் ரோஸ் நிறம் காட்டக் கூடாது. அன்று காட்டியது. லேசாகக்கூட இல்லை. கல்யாண வீட்டு ரோஸ்மில்க் மாதிரி நாலு குழியும் பளிச்சென்று நின்றன.

என் பெயர் பேச்சியம்மாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் உள்ள ஒரு மருந்தியல் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொண்டேன். எலி, முயல், கினிப்பன்றி எல்லாம் என் பொறுப்பு. இப்போது ரிட்டையர் ஆகி மேலகரத்தில் வீட்டில் இருக்கிறேன். புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அலங்காரமாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். படிக்காமலே படித்தேன் என்று தலையாட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம் அது. சாரல் சீசன். கோமதி என்று ஒரு பிள்ளை எங்கள் லேபில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். கீழப்பாவூர்க்காரி. தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய கைடு ஐசக் சார், துறைத்தலைவர். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் மாற்ற மாட்டார்.

கோமதியின் ஆராய்ச்சி செப்சிஸ் பற்றியது. கிருமியின் விஷம் ரத்தத்தில் ஏறி உடம்பு முழுக்கக் குலைந்துபோகுமே, ஐ.சி.யு.வில் ஆட்களைக் கொல்லுமே, அதுதான். அந்த நேரத்தில் ரத்தக்குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அளவில்லாமல் சுரக்கின்றன. அதனால் ஈரலின் ரத்த ஓட்டத்துக்கு என்ன ஆகிறது என்று எலியை வைத்துப் பார்க்கிற வேலை. ரத்தத்தைப் பிரித்து, பிளாஸ்டிக் பிளேட்டில் சின்னச் சின்னக் குழியில் விட்டு, ஒரு மருந்தைச் சொட்டினால் நிறம் வரும். நைட்ரிக் ஆக்சைடு அதிகமாகச் சுரந்திருந்தால் ரோஸ். இல்லையென்றால் வெறும் தண்ணீர் நிறம்.

நோய் கொடுத்த எலிக்கு ரோஸ் வர வேண்டும். நோய் கொடுக்காத எலிக்கு வரவே கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டுக்கும் வந்தது.

ஐசக் சார் பிளேட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கோமதி, ட்யூப் மாறிட்டு. ஒத்துக்கோ."

"மாறல சார்."

"அப்ப நல்ல எலிக்கு எப்படி இவ்வளவு ரோஸ் வருது?"

"தெரியல சார்."

"தெரியலன்னு வெள்ளிக்கிழமை கமிட்டியில போய்ச் சொல்லுவியா?"

வெள்ளிக்கிழமை அவளுடைய கடைசி கமிட்டிக் கூட்டம். ஐந்தாவது வருஷம் முடிகிறது. அதற்குமேல் பதிவை நீட்டிக்க வழியில்லை என்று யுனிவர்சிட்டி எழுதிவிட்டது. எலியும் இல்லை. மொத்தம் முப்பத்தாறு எலிக்குத்தான் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று பேட்ச். முதல் நாள் திங்கட்கிழமை முடித்ததுதான் கடைசி பேட்ச்.

"இந்த பேட்ச்ல ட்யூப் மாறியிருக்குன்னா போன ரெண்டு பேட்ச்லயும் மாறியிருக்கும். நான் எப்படிக் கையெழுத்துப் போட?" என்றார் சார்.

கோமதி அழவில்லை. போய் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைச் சாப்பிட்டாள். அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன். சாப்பிட்டதால் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

2. கடைமடை

சாருக்கு அவள்மேல் ஏன் சந்தேகம் என்று சொல்ல வேண்டும். அவர் நினைத்தது ஒன்று. அவள் கண்டது வேறொன்று.

நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாயை இளக்கி விரிக்கும். செப்சிஸில் அது அளவுக்கு மீறிச் சுரப்பதால் எல்லாக் குழாயும் விரிந்து பி.பி. விழுந்துவிடுகிறது. சார் சொன்னது இதுதான்: நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதை ஒரு பிளாக்கர் மருந்து கொடுத்து அடைத்துவிடு. பி.பி. ஏறும். எலி தேறும். ஈரலும் தேறும்.

அதனால்தான் ஒவ்வொரு பேட்ச்சிலும் மூன்று கூண்டு. முதல் கூண்டில் நாலு நல்ல எலி, அதற்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. இரண்டாம் கூண்டில் நோய் கொடுத்த எலி நாலு. மூன்றாம் கூண்டில் நோயும் கொடுத்து பிளாக்கரும் கொடுத்த எலி நாலு.

முதல் பேட்ச்சிலேயே கோமதி பார்த்துவிட்டாள். பிளாக்கர் கொடுத்த எலிக்கு பி.பி. ஏறத்தான் செய்தது. ஆனால் ஈரல் முன்னைவிட மோசமாகக் கெட்டிருந்தது. ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. எகிறியது. சார் நம்பவில்லை. இன்னொரு பேட்ச் செய் என்றார். அதிலும் அதுவே வந்தது.

அப்போது சாரின் மேஜைக்கு முன்னால் நின்று அவள் சொன்னதை நான் கேட்டேன். முயல் தீவனத்துக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.

"சார், எங்க ஊருக் குளத்துல தண்ணி மட்டம் எறங்குதுன்னு எல்லா மடையையும் அடைச்சா என்ன ஆகும்?"

"மட்டம் ஏறும்."

"ஏறும் சார். கரையில நின்னு பாக்கவனுக்குக் குளம் நெறஞ்சு தெரியும். கடைமடை வயலு காஞ்சு போகும்லா? பி.பி.ங்கது குளத்து மட்டம். ஈரல் கடைமடை. அங்கன இருக்க சின்னக் குழாய் எல்லாத்தையும் தொறந்து வச்சிருக்கதே இந்த நைட்ரிக் ஆக்சைடுதான். மொத்தமா அடைச்சா ஈரலுக்கு ரத்தம் போகாது சார்."

"உங்கப்பா வெவசாயம் பாக்காருன்னு எல்லாத்தையும் வயலாக்காத. பேப்பரக் காட்டு," என்றார் சார்.

"பேப்பரும் இருக்கு சார், ஈரலும் இருக்கு. மைக்ராஸ்கோப்ல வந்து பாருங்க."

அவர் போகவில்லை. நான் போனேன். மயக்க மருந்து கொடுத்த எலியின் ஈரல் ஓரத்தை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்திருந்தாள். ஒளிர்கிற சாயம் ஏற்றியிருந்தாள். இருபத்தைந்து வருஷம் ஈரலைக் கையில் எடுத்திருக்கிறேன், தட்டில் வைத்திருக்கிறேன், ஃபார்மலினில் போட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஈரலுக்குள் ரத்தம் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைமயிரைவிட மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றிலும் ரத்த அணு ஒன்றன்பின் ஒன்றாக, முண்டியடித்துக்கொண்டு, கோவில் கியூவில் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

"எக்கா, இப்ப பிளாக்கர் குடுத்த எலியப் பாருங்க," என்று மாற்றி வைத்தாள். பாதிக் கோடுகள் இருட்டாகக் கிடந்தன. ஓட்டமே இல்லை.

"என்னட்டி இது, பந்த் நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி கெடக்கு?"

"அதத்தான் சார்ட்ட சொல்லுதேன். நம்ப மாட்டக்காரு."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டும். அந்த ரோஸ் பரிசோதனையைப் பழகிக்கொள்வதற்காக அவள் ஒருநாள் என் ரத்தத்தை எடுத்தாள். ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள்.

"எக்கா, நேத்து கீரை, பீட்ரூட்டு ஏதும் தின்னியளா?"

"என் வீட்டுக் கொழம்பு ஒனக்கு எதுக்குட்டி?"

"சும்மா இல்லக்கா. கீரையில நைட்ரேட்டு கெடக்கு. தின்னா ரத்தத்துல ஏறி, நைட்ரிக் ஆக்சைடு மாதிரியே ரோஸ் காட்டும். ஏமாத்திரும்."

"புளிக்கொழம்புதான் தின்னேன். எடு," என்றேன். அதோடு மறந்துவிட்டேன்.

3. யாரை எல்லாம் திட்டினேன்

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வருவதே அதுதான். பன்னிரண்டு எலி. குட்டியாக வந்ததிலிருந்து நான் வளர்த்தவை. ஒரு ஆராய்ச்சிக்காகச் சாவது என்றால் சரி, அதற்குத்தான் அனுமதி வாங்கியிருக்கிறோம். யாரோ கவனமில்லாமல் வேலை செய்து அது வீணாய்ப்போனது என்றால் என்னால் தாங்க முடியாது. லேபில் எலி வீணாகச் சாவதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் கிடையாது. இதை நான் சுவரில் எழுதி வைத்திருந்தேன்.

முதலில் இசக்கி அண்ணாச்சியைப் பிடித்தேன். கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். என்னைவிட நாலு வயசு மூத்தவர், ரிட்டையர் ஆன பிறகும் தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பிளேட்ட ஒழுங்காக் கழுவுனீங்களா? அந்தப் புள்ள அஞ்சு வருசப் படிப்பு போகுது, தெரியுமா?"

"எந்த பிளேட்டு?"

"அந்த ரோஸு பிளேட்டு."

"பேச்சி, அது பிளாஸ்டிக்கு பிளேட்டு. அதக் கழுவுததே இல்ல. ஒரு தடவ போட்டா தூக்கிப் போடுதது. இருபத்தஞ்சு வருசமா இங்கனதான இருக்க?"

"அப்ப பீக்கர்?"

"பீக்கர அவ தொடவே இல்ல."

"அப்ப தண்ணி! டிஸ்டில்டு வாட்டர் கேன்ல அருவித் தண்ணியப் பிடிச்சு ஊத்துனீங்கள்லா?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் அருவிக்குப் போயே ரெண்டு மாசம் ஆச்சு. இடுப்பு வலி. ஒனக்கு ஆரையாவது கடிக்கணும், என்னயக் கடிக்க. கடிச்சுட்டுப் போ."

தண்ணீரையும் கோமதி சோதித்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர் நிறம்தான் வந்தது. அண்ணாச்சி சொன்னது சரி. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மருந்து விற்கிற ஏஜென்சிக்குப் போன் போட்டு, பழைய சரக்கை அனுப்பினீர்களா என்று கத்தினேன். எலக்ட்ரீசியனைத் திட்டினேன், ஃபிரிட்ஜ் அணைந்திருக்கும் என்று. அவன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினான், ஐஸ் கட்டி நின்றது. ஐசக் சாரையும் விடவில்லை.

"அமாவாச அன்னைக்கு வேண்டாம், மறுநாள் வச்சுக்கிடுவோம்னு சொன்னேன்லா சார்?"

"பேச்சியம்மா, எலிக்கு அமாவாசை தெரியாது," என்றார்.

திங்கட்கிழமை ஆடி அமாவாசை. அவர் சொன்னது பாதிதான் சரி. எலிகளுக்கு அமாவாசை வந்ததே என்னால்தான். அது எனக்கே அப்போது தெரியாது.

4. புதன்கிழமை கூண்டு

புதன்கிழமை நான் கூண்டு கழுவுகிற நாள். அது என் வேலை, யாரிடமும் கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை காலியான மூன்று கூண்டும் தொட்டிப் பக்கம் அடுக்கியிருந்தது. அடியில் பரப்பியிருந்த உமியைக் கொட்டுவதற்காக முதல் கூண்டைக் கவிழ்த்தேன். நல்ல எலிகள் இருந்த கூண்டு.

உமியோடு பச்சைக் காம்புகள் விழுந்தன. இலை ஒன்றுகூட இல்லை. காம்பையும் பாதிவரை கொறித்திருந்தன.

இரண்டாம் கூண்டைக் கவிழ்த்தேன். அகத்திக்கீரை கொத்துக் கொத்தாக அப்படியே விழுந்தது. வாடியிருந்தது, ஆனால் ஒரு இலைகூடக் குறையவில்லை. மூன்றாம் கூண்டும் அப்படியே.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். ஆடி அமாவாசைக்கு எங்கள் அப்பாவை நினைத்துப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது என் வழக்கம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்துக் குற்றாலத்துக்குப் போனேன். கோவில் பக்கம் நிற்க இடமில்லை. இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு பசுவிடம் போனால், காலையிலிருந்து தென்காசி ஜில்லாவே அதற்குக் கீரை ஊட்டியிருக்கிறது. அது என்னைப் பார்த்தது. கீரையைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் அந்தப் பக்கம் போய் நீட்டினேன். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"அதுக்கு வயிறு கொள்ளல தாயி, இனி பச்சயக் கண்டாலே ஓடும்," என்றாள் கீரை விற்கிறவள்.

அமாவாசைக்கு என்று வாங்கின கீரையைக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஏதாவது ஒரு உயிரின் வாயில் போய்ச் சேர வேண்டும். ஆட்டோவில் திரும்பி வரும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. என்னிடம் இல்லாத உயிரா?

எலிகளுக்கு அன்று தீவனம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலமே பெல்லட்டை எடுத்துவிட்டோம், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று. "இன்று தீவனம் போடக் கூடாது" என்று போர்டு எழுதித் தொங்கவிட்டவளே நான்தான். அந்த போர்டுக்கு அடியில் நின்றுகொண்டுதான் கீரையைப் பிரித்தேன். தீவனம் என்றால் பெல்லட். கீரை எப்படித் தீவனமாகும்? விரதம் இருக்கிற மனுஷன் பழம் சாப்பிடுவதில்லையா? இப்படித்தான் என் புத்தி போனது. பன்னிரண்டுக்கும் சமமாகப் போட்டேன். ஓரவஞ்சனை செய்யவில்லை. சாயங்காலம் எலிகளை எடுத்து லேபுக்குக் கொண்டுபோனதும் நான்தான், அதனால் கீரை கோமதி கண்ணில் படவில்லை.

நல்ல எலிகள் பசியில் பாய்ந்து தின்றிருக்கின்றன. காலையில் நோய் ஊசி போட்ட எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் கிடந்தன. காய்ச்சல்காரன் கீரையைத் தொடுவானா? தொடவில்லை.

"நேத்து கீரை, பீட்ரூட்டு ஏதும் தின்னியளா?" கோமதியின் குரல் அப்படியே காதில் கேட்டது.

உள்ளதைச் சொல்கிறேன். காம்பை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. ரிட்டையர் ஆக ஒரு வருஷம். ஒரு ரிமார்க் கிடையாது என் பேரில். இசக்கி அண்ணாச்சியை வேறு அவ்வளவு பேசியிருக்கிறேன். இதெல்லாம் மனசில் ஓடியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தொட்டி நிரம்பிக் காலில் தண்ணீர் வழிந்தது.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. வேஸ்ட் வண்டி. திங்கட்கிழமை இறந்த எலிகள் ஃபிரீசரில் மஞ்சள் பையில் இருந்தன. அதை எடுத்துப்போக வந்திருக்கிறது.

எலி போனால் அதன் வயிற்றில் கிடக்கிற கீரையும் போய்விடும்.

ஈரக் காலோடு ஓடினேன். டிரைவர் பையை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"ஏலே, எறக்கு! அந்தப் பைய எறக்கு!"

"எக்கா, ரிஜிஸ்டர்ல எழுதியாச்சு. இன்னும் சங்கரங்கோவில் வரைக்கும் போணும்."

"எழுதுனத அடி. என் எலியக் குடுலே மொதல்ல."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பைத்தியம் என்று முடிவு செய்தது தெரிந்தது. பையைக் கொடுத்துவிட்டான். பைத்தியத்திடம் யார் வம்பு வைப்பார்கள்?

5. வயிறு

ஐசக் சார் ரூமுக்கு ஒரு கையில் மஞ்சள் பையும் இன்னொரு கையில் வாடின கீரையுமாகப் போனேன். கோமதி அங்கேதான் நின்றாள். ட்யூப் மாறியதாக எழுதிக்கொடுத்தால் மறுபடியும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மாறவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், ட்யூப் மாறல. நான் எலிக்குக் கீரை போட்டுட்டேன்."

சாருக்குப் புரியவில்லை. அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அமாவாசை, அப்பா, பசு, கீரை.

"பசுவுக்குக் குடுக்க வேண்டியது எலிக்கு எப்படி வந்துச்சு?"

"பசு வேண்டாம்னுட்டு சார்."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. திடீரென்று கையை எடுத்தாள். "எக்கா! நோயாளி எலி தின்னுச்சா?"

"தொடவே இல்ல. இந்தா பாரு, அப்படியே கெடக்கு."

"சார்," என்று அவள் திரும்பினாள். குரலே மாறிவிட்டது. "வயித்தத் தொறந்து பாப்போம் சார். நான் நல்ல எலின்னு சீட்டு கட்டுனது நாலும் பச்சையா இருக்கணும். மத்த எட்டும் காலியா இருக்கணும். அப்படி இருந்தா எதுவும் மாறலன்னு அர்த்தம்லா?"

சார் என் கையிலிருந்த கீரையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது. நானே தொறக்கேன்."

அது நியாயம். எனக்கு அவரைப் பிடிப்பது இதனால்தான்.

ஐஸ் இளகியதும் பன்னிரண்டு எலியையும் தட்டில் பரப்பினோம். காலில் கட்டியிருந்த சீட்டை மடித்து ஒட்டி மறைத்துவிட்டார், எது எது என்று தனக்கே தெரியக் கூடாது என்று. இசக்கி அண்ணாச்சியும் வந்து வாசலில் நின்றுகொண்டார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

முதல் வயிறு. காலி. இரண்டாவது காலி. மூன்றாவதை வெட்டினார், அரைத்த கீரை பச்சைப் பசேலென்று வெளியே வந்தது.

"ஒண்ணு," என்றார் அண்ணாச்சி வாசலிலிருந்து.

அடுத்தது காலி. அதற்கடுத்தது பச்சை. "ரெண்டு." மூன்று வந்தது. அதற்குப்பிறகு வரிசையாக நாலு வயிறு காலி. கோமதி என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விரல் மரத்துப்போனது. கடைசிக்கு முந்தினது பச்சை. "நாலு!" கடைசி எலி காலி.

சார் கையுறையைக் கழற்றாமல் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். பச்சை வயிறு நாலிலும் நல்ல எலி என்று கோமதியின் கையெழுத்து. மற்ற எட்டிலும் நோய், நோய் பிளஸ் பிளாக்கர். ஒன்றுகூட மாறவில்லை.

என் கீரை கெடுத்தது அந்த நாலு எலியின் ரோஸ் அளவை மட்டும்தான். எஸ்.ஜி.பி.டி.யைக் கீரை தொடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த ரத்த ஓட்டத்தையும் தொடாது. ஆக, கோமதி ஒழுங்காகத்தான் சீட்டு கட்டியிருக்கிறாள், மூன்று பேட்ச்சிலும் பிளாக்கர் ஈரலைக் கெடுத்திருக்கிறது.

அவர் கையைக் கழுவிவிட்டு நேராக மைக்ராஸ்கோப் ரூமுக்குப் போனார். பதிவு செய்து வைத்திருந்த வீடியோவைப் போடச் சொன்னார். இரண்டு வருஷமாக அவள் கூப்பிட்டும் போகாத ரூம். இருட்டான கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோமதி."

"சார்."

"நான் கரையில நின்னு மட்டத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வயலப் பாக்கல."

அவள் அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். கீழப்பாவூர் வரைக்கும் தெரிந்திருக்கும்.

6. வெள்ளிக்கிழமையும் அதற்குப் பிறகும்

கமிட்டியில் என்னையும் கூப்பிட்டார்கள். கால்நடை டாக்டர் ஒருவர் நெறிமுறைக் குழு சார்பாக உட்கார்ந்திருந்தார்.

"கீரை போட்டது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"எலிக்கு அமாவாச கொண்டாடுன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். எந்த எலிக்கும் கஷ்டம் இல்லயே?"

"சாகுததுக்கு முன்னால நாலும் வயிறு நெறயத் தின்னுட்டுத்தான் போச்சு டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். என் பேரில் வந்த முதல் ரிமார்க் அது. ஒரே ரிமார்க்கும் அதுதான்.

கடைசி பேட்ச்சின் நல்ல எலிகளுடைய ரோஸ் அளவை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். ஐசக் சார் கையெழுத்துப் போட்டார். கோமதி டாக்டர் கோமதி ஆனாள். எல்லா மடையையும் அடைக்காமல், அதிகமாகச் சுரக்கிறதை மட்டும் அடைக்க முடியுமா என்று இப்போது வேறு ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய தீசிஸில் என் பெயர் நன்றி சொல்கிற பக்கத்தில் இருக்கிறது. அது பெரிய விஷயமில்லை, எல்லோரும் போடுவதுதான். செய்முறைப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. கடைசி பேட்ச்சில் நான்கு எலிகள் அகத்திக்கீரை தின்றுவிட்டதால் அந்த அளவுகள் சேர்க்கப்படவில்லை என்று. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷ வேலையில் அச்சில் ஏறியது என் தப்பு ஒன்றுதான். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இசக்கி அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். கமிட்டி முடிந்த அன்று எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம், கோமதி கூட்டிப்போனாள். இடுப்பு வலி என்றவர் அருவிக்கு அடியிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றார். தண்ணீர் இரைச்சலில் நான் கேட்ட மன்னிப்பு அவருக்குக் கேட்கவில்லையாம். கரையில் ஏறி இரண்டாம் தடவை சத்தமாகக் கேட்க வைத்தார். சுற்றி நின்ற டூரிஸ்ட் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் நான் ரிட்டையர் ஆன அன்று சால்வை போட்டார்கள், பேசினார்கள். அண்ணாச்சி கடைசியாக மேடைக்கு வந்தார். பின்னால் மறைத்து வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு கட்டு அகத்திக்கீரை. ஹாலே கைதட்டியது. ஐசக் சார் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அன்று அமாவாசைகூட இல்லை. குற்றாலம் போனேன். பசு சும்மா நின்றுகொண்டிருந்தது. காம்புவரை தின்றுவிட்டு என் சால்வையை முகர்ந்து பார்த்தது.

அனிமல் ஹவுஸ் வாசலில் இரண்டு போர்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். "இன்று தீவனம் போடக் கூடாது" என்று ஒன்று. அதற்கடியில் சின்னதாக, "கீரையும் தீவனம்தான்" என்று இன்னொன்று. இரண்டும் என் கையெழுத்து. இரண்டாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

லேபில் தப்பு நடக்கும். நடந்தால் கோபமும் வரும், வரட்டும். கோபமே வராதவனை நம்பி ஒரு எலியைக்கூட நான் கொடுக்க மாட்டேன். ஆனால் முதலில் போய் உன் கூண்டைக் கழுவு. அதற்கப்புறம் அடுத்தவனைத் திட்டு.